ராகு காலத்துத் தண்ணீர்

கலும்பாங்கில் இருந்துகொண்டு அலைச்சறுக்கு விளையாட இடம் தேடுகிறவளைப் பைத்தியம் என்று சொல்ல எங்கள் ஊரில் யாரும் தயங்கவில்லை. முன்னால் ரயில் பாதை, பின்னால் மலை, சுற்றிலும் செம்பனைத் தோட்டம். கடல் வேண்டுமென்றால் மேற்கே ஒன்றரை மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். அந்தக் கடலிலும் அலை கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியாததுபோல ஒவ்வொருவரும் புதிதாக எடுத்துச் சொன்னார்கள் பாருங்கள், அதுதான் எரிச்சல்.

ரவாங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலை ஒரு வருடக் கடைசியில் எங்களைச் செராத்திங்கிற்குச் சுற்றுலா அழைத்துப் போனது. கிழக்குக் கரையில் அது மழைக்காலம், அலை பெரியது. கூட வேலை செய்யும் மலாய்க்காரப் பெண் ஒருத்தி எனக்கு மிதவைச் சட்டை மாட்டி, பலகைமேல் குப்புறப் படுக்கவைத்துத் தள்ளிவிட்டாள். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ எழுந்து நின்றேன். மூன்று விநாடி இருக்கும். அந்த மூன்று விநாடியில் யாரும் எனக்கு எதையும் சொல்லவில்லை. அது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

அடுத்த மாதமே பழைய பலகை ஒன்றை வாங்கிக் கார் கூரையில் கட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வெளியே வந்து பார்த்தார். "என்னாடி இது, இஸ்திரி போடுற மேசையா?" என்றார். ஆமாம் அக்கா, உங்கள் வீட்டுத் துணியையும் கொண்டுவாருங்கள் என்றேன்.

அம்மாவின் கேள்வி வேறு மாதிரி. கடலுக்குப் போகிறேன் என்று எப்போது சொன்னாலும், "யாருக்குக் காரியம்?" என்பார். கேலிதான், ஆனால் முழுக்கக் கேலி இல்லை. தோட்டத்தில் வளர்ந்த எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவது சாம்பல் கரைக்க மட்டும்தான். மற்ற நாளில் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது. ஈயம் தோண்டிய குட்டைகளில் பிள்ளைகள் விழுந்து செத்தார்கள். அதனால் தண்ணீரைக் கண்டால் ஓடு என்று சொல்லி வளர்த்தார்கள். நீந்தக் கற்றுக்கொடுக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. முப்பது வயதில், இடுப்பளவு தண்ணீரில், சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று நான் நீந்தப் பழகினேன். அந்த வெட்கத்துக்கு யார்மேல் கோபப்படுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆகவே எல்லார்மேலும் கோபம்.

செராத்திங் வருடத்தில் ஒரு தடவைதான் முடியும். மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போக லீவு வேண்டும். பக்கத்தில் எங்காவது கிடைக்காதா என்று வரைபடத்தைப் பார்த்தேன். கலும்பாங்கிலிருந்து விரலை நேராக மேற்கே நகர்த்தினால் சுங்கை பஞ்சாங் வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வயல் முடிந்தது, தடுப்புக் கரை வந்தது, ஏறிப் பார்த்தால் கடலைக் காணோம். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சேறு. படகைக் கழுவிக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர் என் பலகையைப் பார்த்துச் சிரித்தார். "சுரூட்," என்று சேற்றைக் காட்டினார். பிறகு கடிகாரத்தைக் காட்டி, "பசாங்," என்றார். ஒன்று வற்றம், மற்றது ஏற்றம். தண்ணீர் ஏறும் நேரத்தைக்கூடப் பார்க்காமல் கடலுக்கு வந்த முதல் ஆள் நான்தான் என்பது அவர் சிரிப்பிலேயே தெரிந்தது.

அன்றிலிருந்து ஏற்ற வற்ற அட்டவணை என் கைபேசியில் இருக்கிறது. அதைப் பார்த்துக் கோல சிலாங்கூருக்குப் போனேன். தண்ணீர் இருந்தது, அலை இல்லை. எதிரே சுமத்திராத் தீவு குறுக்கே படுத்துக்கொண்டு எல்லா அலையையும் வாங்கிக்கொள்கிறது. மீன்பிடிப் படகு போனால் பின்னால் முழங்கால் உயரத்துக்கு ஒன்று கிளம்பும். அதற்காக அரை மணி நேரம் காத்துக் கிடப்பேன். பிறகு எங்கள் ஊர் மலை ஆற்றில், மழைக்குப் பிறகு ஒரு பாறையடியில் தண்ணீர் எழும்புகிற இடத்தில் முயன்றேன். பலகையின் மூக்கு உடைந்தது. நான் உடையவில்லை. ஒட்டுப்போட்டு மறுபடி கோல சிலாங்கூருக்கே போனேன்.

அம்மா செத்தது ஒரு திங்கட்கிழமை. செவ்வாய் தகனம். புதன்கிழமை அண்ணன் சாம்பலை எடுத்துக்கொண்டு சபாக்கில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போனான். மாமா அம்மாவின் தம்பி. தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் வேலையை விட்டுப் பல வருடம் ஆகியும் மண்டோர் குரலை விடாதவர். வியாழன் காலை ஏழரையோடு எமகண்டம் முடிகிறது, ஒன்பதுக்குள் கரைத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் பெண்கள் சாம்பல் கரைக்கப் போவதில்லை. வீட்டைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் அட்டவணையைப் பார்த்தேன். வியாழன் ஏழரைக்கு அடிமட்ட வற்றம். அண்ணனுக்குப் போன் செய்தேன். ஒன்றே முக்காலுக்குத் தண்ணீர் முழுதாக ஏறி அப்புறம் இறங்கத் தொடங்கும், அந்த நேரத்தில் கரைத்தால்தான் கடல் எடுத்துக்கொண்டு போகும் என்றேன். போனை மாமா வாங்கினார்.

"வியாழக்கிழம ஒன்றரையிலேர்ந்து மூனு வரைக்கும் ராகு காலம். தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் மாமா. ஏழரைக்குப் போனா அங்க தண்ணியே இருக்காது."

"கடல்ல தண்ணி இருக்காதா? கேட்டியாடா, ஒன் தங்கச்சி சொல்றத. ஏ புள்ள, நீ மேசைய வச்சிக்கிட்டு வெளயாடுற வேலைய பாரு. பெரியவங்க நாங்க இருக்கோம்லா."

மறுநாள் காலை எட்டேகாலுக்குக் குடும்பக் குழுவில் ஒரு வீடியோ வந்தது. நான் முன்பு போன அதே சுங்கை பஞ்சாங் தடுப்புக் கரையில் நாலைந்து ஆண்கள். கீழே சேறு. அண்ணன் இரண்டு எட்டு வைக்கிறான், முழங்கால்வரை புதைகிறான், இழுத்து மேலே ஏற்றுகிறார்கள். பிறகு கரையிலிருந்தே கலயத்தை வீசுகிறான். சிவப்புத் துணி கட்டிய கலயம் சொத்தென்று சேற்றில் விழுந்து, உடையாமல், சாய்ந்து கிடக்கிறது. கீழே மாமா எழுதியிருந்தார்: நல்லபடியா முடிஞ்சது.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு, பலகையைக் கூரையில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் ஏசிக்கொண்டே ஓட்டினேன். மாமாவை, அண்ணனை, நாள்காட்டியை, அதைக் கிழித்துக் கிழித்து நேரம் பார்க்கும் எல்லோரையும். அம்மாவையும் விடவில்லை. ஆண்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வாழ்நாள் முழுக்க இருந்தீர்களே, இப்போது பாருங்கள் எங்கே கிடக்கிறீர்கள் என்று சத்தமாகவே கேட்டேன். அழுகையும் வந்தது.

போய்ச் சேரும்போது பத்து மணி. அண்ணனை வரச் சொல்லியிருந்தேன். அவன் மட்டும் கரையில் நின்றான். காலில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது.

"தண்ணி ஏறும்போது தானா எடுத்துக்கும்னு மாமா சொன்னாரு," என்றான்.

"ஏறுற தண்ணி எடுத்துட்டு போவாதுண்ணே. கொண்டாந்து குப்பையில ஒதுக்கும். கீழ பாரு."

கரையின் அடியில் நீளத்துக்கும் ஒதுங்கிக் கிடந்தவை பிளாஸ்டிக் போத்தல்கள், ஒற்றைச் செருப்புகள், குழந்தைத் துணிகள். அண்ணன் பார்த்தான்.

பலகையைச் சேற்றில் போட்டு அதன்மேல் குப்புறப் படுத்தேன். நின்றால் புதையும், படுத்தால் புதையாது. கையால் சேற்றைத் தள்ளித் தள்ளி நகர்ந்தேன். இருபது எட்டுத் தூரத்துக்கு எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. கலயத்தின் வாய் ஒரு பக்கம் திறந்து கொஞ்சம் சிந்தியிருந்தது. அதை அள்ளப் பார்த்தேன், சேறுதான் கையில் வந்தது. மீதியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

பிறகு இரண்டு பேரும் காத்திருந்தோம். தண்ணீர் மெதுவாக வந்து சேற்றை மூடியது. ஒன்றரை தாண்டியதும் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நான் அட்டவணையைப் பார்த்தேன். சாம்பலைச் சிவப்புத் துணியில் முடிந்து கழுத்தில் கட்டிக்கொண்டு, இரண்டு மணிக்குப் பலகையில் ஏறித் துடுப்பாகக் கையை வீசினேன். கரையில் இருக்கும் அண்ணன் விரலளவு ஆகும்வரை போனேன். அலையே இல்லை. முடிச்சை அவிழ்த்தேன். தண்ணீர் எனக்கு முன்னால் மேற்கே இழுத்துக்கொண்டு போயிற்று. சாம்பல் நீளமாக, வெள்ளையாக, போய்க்கொண்டே இருந்தது. போங்கம்மா என்றேன்.

பதினாறாம் நாள் காரியத்தில் பந்தியில் உட்கார்ந்து மாமா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பெத்த மகன் கையால கடல்ல கரைச்சாச்சு. நல்ல நேரத்துல முடிஞ்சது." நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் கரைச்சேன் மாமா," என்றேன். "ரெண்டு மணிக்கு."

மாமா அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டார். பிறகு, "அந்தப் பக்கம் ரசம் ஊத்துங்கலா," என்றார். எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

கை கழுவும் இடத்துக்கு அண்ணன் என் பின்னாலேயே வந்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"வருசத் திதிக்குக் கடலுக்குப் போவணும். அன்னிக்குத் தண்ணி எத்தன மணிக்கு ஏறும்னு பாத்து சொல்றியா? மாமாகிட்ட நானா பாத்த மாதிரி சொல்லிக்கிறேன்."

"சொல்ல மாட்டேன்," என்றேன். "திதிக்குக் கடலுக்கு நான்தான் போறேன். வேணும்னா நீ கரையில நில்லு."