புளியா, வாகையா

வன இலாகாவின் காட்டுக்கந்தோரில் வேலை செய்த காலத்தில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. ஒரு மைல் தள்ளி நிற்கிற மரத்தையும் உருவத்தைப் பார்த்தே பெயர் சொல்லிவிடுவேன். ஓடுகிற பஸ்ஸுக்குள் இருந்து, கேட்காத ஆட்களுக்கும் சொல்வேன்: அந்தா நெட்டையாய் மெலிந்து நிற்பது முதிரை, தலை கனத்துக் கறுத்துத் தெரிவது பாலை. "சொந்த மாமியைச் சந்தையில கண்டா ஆரெண்டு கேக்கிற மனிசன், மரத்தை மட்டும் விடமாட்டார்" என்று மனைவி சிரிப்பாள்.

அப்போது நாங்கள் இலங்கைத்துறை என்ற ஊரில் இருந்தோம். எங்கள் முதல் பிள்ளை அவள் வயிற்றில் குறுக்காகக் கிடந்தது. வலி தொடங்கியதும் மருத்துவிச்சி தடவிப் பார்த்து, "என்னால ஏலாது. மூதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. சுணங்கினா பிள்ளை தப்பாது" என்றார். மாரி வெள்ளத்தில் வழக்கமான துறை மூழ்கிப்போயிருந்தது. ஊரை ஒட்டிய களப்பின் உவர்நீரைத் தோணியில் கடந்தால், அக்கரை மேட்டில், ஒரு பெரிய புளியமரத்தடியில் கார் நிற்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

தோணியில் அவளைக் கிடத்தினோம். நல்ல மழை. அக்கரையில் இரண்டு மரங்கள் மட்டும் உயர்ந்து தெரிந்தன, ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில். தோணிக்காரர் கோலை ஊன்றியபடி, "வலப்பக்கம் நிக்கிறதுதான் புளி போல கிடக்கு, ஐயா" என்றார்.

"இல்லை, இடப்பக்கம்."

"வடிவாப் பாருங்கோ."

"பாத்துத்தான் சொல்லுறன். மரம் எனக்குத் தெரியாதா?"

"காட்டுக்கந்தோர் ஐயா சொன்னா சரிதானே" என்று இடப்பக்கம் திருப்பினார்.

பாதி வழியில் மழை சற்று விட்டது. மரத்தின் தலை அகல விரிந்திருந்தது. கிளைகளுக்கிடையே வானம் தெரிந்தது. பெரிய புளியில் அப்படித் தெரியாது, இலை அடைத்து நிற்கும். கிட்டப் போனால் புளியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன். மனைவி என் காற்சட்டையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள்.

கரை தட்டியபோது அது வாகை. முழங்கால் சேறு, சுற்றிலும் கண்டல் காடு, வழியே இல்லை. தோணிக்காரர் எதிர்காற்றில் தோணியைத் திருப்பினார். நானும் தண்ணீருக்குள் இறங்கித் தள்ளினேன். என்ன செய்தும் அது ஊர்ந்துதான் போனது. ஒரு கட்டத்தில் அவள் கத்துவது குறைந்தது. கத்தியதைவிட அது பயமாக இருந்தது. புளியடியில் கார் நின்றது. காலையிலிருந்தே நிற்பதாகச் சாரதி சொன்னார்.

ஆஸ்பத்திரியில் அவளைக் காப்பாற்றினார்கள். பிள்ளை அழவேயில்லை. பெண் பிள்ளை.

ஒரு கிழமை கழித்து, வீட்டில் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தவள் கேட்டாள்: "இஞ்சேருங்கோ, புளியும் வாகையும் தூரத்தில ஒண்டு போலத்தானே கிடக்கும்?"

பாதி வழியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். "ஓம்" என்றேன்.

அவள் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "பிறகென்ன, ஆருக்கும் அப்பிடிப் பிழை வரும்தானே. நீங்கள் அழாதையுங்கோ" என்றாள்.