பார்வதி அண்ணியின் கொல்லையில் ஒரு ரவுண்டு

போன வாரம் பிரிஞ்சாங் டவுனில் பாய் கடையில் நான் போட்ட சத்தத்தில், பக்கத்து மேசைக்காரர் ரொட்டி சானாயை அப்படியே விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமே இல்லை. உங்களிடம் அந்தச் செய்தியைச் சொல்லியிருந்தால் நீங்களும் கத்தியிருப்பீர்கள்.

எதிரில் உட்கார்ந்திருந்தவன் கதிரவன், என் அண்ணன் மகன். ஈப்போவில் ஆங்கில வாத்தியார். கடைக்காரர் வந்து, "அக்கா, இன்னொரு ரவுண்டு தே தாரிக் போடவா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதுதான் தீப்பொறி.

"அத்தை, இந்த ரவுண்டு எங்கேருந்து வந்துச்சு தெரியுமா?" என்றான் கதிர்.

"வெள்ளக்காரன்கிட்டேருந்துதான், வேற எங்கேருந்து?"

"அவன் பிரெஞ்சுக்காரன்கிட்ட வாங்குனான். அதுக்கு மூலம் லத்தீன்ல ரோத்தா. ரோத்தான்னா சக்கரம். அதே சக்கரத்தப் போர்த்துகீசியன் கப்பல்ல கொண்டாந்து மலாய்க்காரங்களுக்குக் குடுத்தான். நாம ரோடா ரோடான்னு சொல்றோமே, அது. இன்னும் பின்னால போனா, அந்த லத்தீன் சக்கரமும் சமஸ்கிருதத்து ரதமும் ஒரே வேர்ல மொளச்சதாம்."

"டேய்! ரவுண்டு, ரோடா, ரதம்! மூணும் ஒண்ணா?" இதைத்தான் நான் கத்தினேன். கத்தியதற்குக் காரணம் இருக்கிறது. சொல்கிறேன். நேராகச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாளும் விடிந்ததில்லை. கொழுந்துக்கு ரவுண்டு உண்டு. ஒரு மலையில் கொழுந்தெடுத்து முடித்து, அடுத்தடுத்த மலைகளையும் முடித்துக்கொண்டு மறுபடி முதல் மலைக்கே திரும்பி வந்தால் அது ஒரு ரவுண்டு. திரும்பி வரத் தாமதமானால் கொழுந்து முற்றிவிடும், கங்காணியின் வாயும் முற்றிவிடும். துரை காலையில் மோட்டாரில் ரவுண்டு வருவார். ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சாக்கடையை எட்டிப் பார்த்து ரவுண்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை இளவட்டங்கள் தலையை வாரிக்கொண்டு கோலா தெர்லா வரைக்கும் 'சும்மா ஒரு ரவுண்டு' போவார்கள். அந்தச் சும்மாவில்தான் தோட்டத்தில் பாதிக் கல்யாணம் நடந்தது. பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு நல்லா ரவுண்டா இருக்கு லா" என்றால் அது பாராட்டு. என்னை யாரும் அப்படிப் பாராட்டவில்லை. நான் அப்போது ஈர்க்குச்சி. இப்போது பாராட்டலாம், ஆள்தான் இல்லை.

கொழுந்து லோரிக்கு ஒரு வாசனை உண்டு. பச்சை இலையும் டீசலும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை. திருவிழா வந்தால் அதே லோரியைக் கழுவி, மஞ்சள் நீர் தெளித்து, மேலே மண்டபம் கட்டி, செவ்வந்தி மாலையாகத் தொங்கவிடுவார்கள். வாசனையே மாறிவிடும். கொழுந்து சுமந்த லோரி அன்றைக்கு மாரியம்மனைச் சுமக்கும் ரதம். ஓட்டும் சாமிக்கண்ணு அண்ணனும் வெற்றிலை பாக்கைத் துப்பிவிட்டு, விபூதியும் பட்டையுமாக வேறு ஆளாகிவிடுவார்.

ரதம் கோயிலில் கிளம்பி, எங்கள் வீட்டு வரிசையான மேட்டு லயத்துக்கு ஏறி, ஒவ்வொரு வாசலிலும் நின்று தேங்காயும் தட்டும் வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கத்துப் பாதையில் இறங்கிக் கோயிலுக்கு வர வேண்டும். அதுதான் ரவுண்டுகளிலேயே பெரிய ரவுண்டு. ஒரே ஒரு சட்டம் உண்டு. ரதம் ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. அம்மனைப் பின்னால் நடக்க வைப்பதா? மகா பாவம்.

ஒரு வருடம் திருவிழாவுக்கு முன்னால் விடாத மழை. மேட்டு லயத்துக்கு அப்பால் பாதை சரிந்து பள்ளத்தில் போய்விட்டது. ஏறலாம், அந்தப் பக்கம் இறங்க முடியாது. மேலே லோரி திரும்ப இடமும் கிடையாது. மற்ற நாளென்றால் சாமிக்கண்ணு அண்ணன் ரிவர்ஸிலேயே இறக்கிவிடுவார். ரதத்தை எப்படி? கோயில் தலைவர் மேலே வந்து சொல்லிவிட்டார். "இந்த வருசம் ரதம் கீழ் லயத்தோட சரி. மேல உள்ளவங்க தட்ட எடுத்துக்கிட்டுக் கீழ வந்துருங்க."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். என் அண்ணி பார்வதி ஆட்டவில்லை.

அண்ணி லெம்பா பெர்த்தாம் காய்கறித் தோட்டத்துப் பெண். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லை. அண்ணி வேண்டிக்கொண்டது இது: பிள்ளை பிறந்தால், ரதம் தன் வாசலில் வந்து நிற்கும்போது அம்மன் காலடியில் கிடத்தி எடுப்பது. அதுவரைக்கும் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிள்ளையும் பிறந்தது. பிறப்புச் சூராவில் பெயர் எழுதியாகிவிட்டது, ஆனால் வீட்டில் யார் வாயிலும் அது வராது. 'குட்டி, குட்டி' என்றே கூப்பிட்டோம். பெற்றவள் ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்த பெயரைத் தானே சொல்ல முடியாமல், ராத்திரி தாலாட்டில்கூட அந்த இடம் வந்தால் வெறுமனே முனகுவாள். ரதம் வராவிட்டால் இன்னும் ஒரு வருடம் முனகல்தான்.

"கோயில்லயே வச்சு எடுத்துரலாம்மா. அம்மன் ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றார் தலைவர்.

"வாசல்லன்னு வேண்டிக்கிட்டேன் தலைவரே. வாக்கு மாத்தினா நான் கோவிச்சுக்குவேன்" என்றாள் அண்ணி.

அவர் இறங்கிப் போனதும் அண்ணி மண்வெட்டியை எடுத்தாள். லயத்தில் எங்கள் வீடுதான் கடைசி. அதை ஒட்டி, லோரி திரும்பும் அளவுக்கு இருந்த ஒரே சமதரை அண்ணியின் கொல்லை. வந்த நாளிலிருந்து சாணம் போட்டுக் கொத்திக் கொத்தி உண்டாக்கியது. முட்டைக்கோஸ், மிளகாய், சௌசௌப் பந்தல். லயத்தில் பாதிப் பேர் குழம்பு அந்தக் கொல்லையில்தான் கொதித்தது. அறுக்க ஒரு வாரமே இருந்த கோஸை அண்ணி முதலில் பிடுங்கினாள். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

"அண்ணி, பைத்தியமா ஒங்களுக்கு? ரோட்டக் கட்டுனதும் அடுத்த வருசம் பாத்துக்கலாம்ல?"

"அடுத்த வருசம் அவன் 'என் பேரு என்னம்மா'ன்னு கேப்பான். நீ பதில் சொல்றியா?"

நான் போய்ச் சௌசௌப் பந்தலைச் சாய்த்தேன். அதைப் பார்த்து லயமே இறங்கியது. சரிந்த பாதையின் கல்லையே அள்ளிக் கொட்டினோம். சாணம் தின்ற மண் சோறு மாதிரி குழைந்தது. கல்லின் மேல் போட, கோழிக்கூட்டுக் கதவு, குளியலறைக் கதவு, கடைசியில் அண்ணனின் கட்டில் பலகை எல்லாம் வந்தன. கட்டில் போனதற்கு அண்ணன் முறைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

திரும்ப இடம் இருக்கிறது என்றதும் தலைவரும் தலையாட்ட, மறுநாள் சாயங்காலம் ரதம் ஏறியது. எங்கள் வாசலைத் தாண்டிக் கொல்லைக்குள் மூக்கை நுழைத்துத் திரும்பும்போது பின்சக்கரம் பொதக்கென்று இறங்கியது. மண்டபம் ஒரு பக்கம் சாய, பூசாரி அம்மனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "ரோடாவுக்கு அடியில பலகையத் தள்ளுங்கடா!" என்று சாமிக்கண்ணு அண்ணன் அலறினார். "ரதத்தத் தள்ளுங்க! தள்ளுங்க!" என்று தலைவர். நானும் தோள் கொடுத்தேன். முகமெல்லாம் சாணிச் சேறு. லோரி ஒரு உறுமு உறுமியது, ஆடியது, ஏறியது, முழுசாகத் திரும்பியது. "ரவுண்டு அடிச்சிருச்சு! அம்மா ரவுண்டு அடிச்சிருச்சு!" என்று மலையே கத்தியது. ஒரே சக்கரத்தைத்தான் ஆளாளுக்கு மூன்று பெயரில் கூப்பிட்டிருக்கிறோம். இத்தனை வருடம் கழித்துத் தெரிந்தால் கத்த மாட்டேனா?

ரதம் எங்கள் வாசலில் நின்றது. பூசாரி பிள்ளையை வாங்கி அம்மன் காலடியில் கிடத்தி, எடுத்துத் தந்தார். அண்ணி வாங்கினாள். அவன் காதருகே குனிந்து, "கதிரவா" என்றாள். நாங்கள் அத்தனை பேரும் அழுதோம். பேர்க்காரன் மட்டும் கொட்டாவி விட்டான்.

பாதையைக் கட்டிவிட்ட பிறகும் அண்ணி அந்த இடத்தில் ஒரு செடி வைக்கவில்லை. "அம்மன் திரும்புன எடம்" என்று தினமும் கூட்டிவிடுவாள். பிறகு ஒவ்வொரு குடும்பமாக டவுனுக்கு இறங்கியது. அண்ணனும் ஈப்போவில் அடுக்குமாடி வீட்டுக்குப் போனார்.

தேநீர் முடிந்ததும், "அத்தை, அந்த எடத்தக் காட்டுங்க" என்று கதிர் என்னைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினான். லயம் இல்லை. இடித்து, பாதை வரைக்கும் தேயிலை நட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுத் தம்பிகள் இரண்டு பேர் மெஷினைப் பிடித்துக் கொழுந்து வெட்டிக்கொண்டு போனார்கள். ரதம் இப்போது இங்கே ஏறுவதில்லை. நிற்க வாசல் வேண்டுமே. கதிர் போனில் அண்ணியை அழைத்துப் படம் காட்டினான்.

"எடது பக்கம் காட்டுப்பா. இன்னும் கொஞ்சம். நம்ம வாசல் எங்க?"

அவன் போனை நாலா பக்கமும் திருப்பினான். எல்லாப் பக்கமும் தேயிலைதான்.

"சரி விடு. இங்க ஈப்போல அம்மன் ரதம் மெயின் ரோட்டோட போயிருது கதிரவா. நாந்தான் தட்ட எடுத்துக்கிட்டு லிப்டுல எறங்கிப் போறேன்."