மாமனார் கண்முன்னே பிரித்த மைக்

கயிற்றுக் கட்டிலில் விரித்த துண்டின் மேல் அந்த மைக் பிரிந்து கிடந்தது. கம்பி வலை ஒரு பக்கம், கூடு ஒரு பக்கம், நடுவில் நாலு நிறத்தில் ஒயர்கள். மைக்செட்காரர் சால்டரிங் வைத்துக்கொண்டிருக்க, என் மாமனார் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ வேலை கற்றுக்கொள்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். மூடும் சாக்கில் உள்ளே வேறெதையாவது வைத்துவிடுவாரோ என்கிற கவலை.

எங்கள் தென்னந்தோப்பு தொப்பம்பட்டிக்குத் தெற்கே, கரட்டுக் குன்று மறைக்கும் பள்ளத்தில் இருக்கிறது. அப்போது அங்கே செல்போன் சிக்னல் எட்டாது. எட்டினாலும் அவர் பேசியிருக்க மாட்டார். போனில் பேசுவதையெல்லாம் கம்பெனிக்காரன் கேட்கிறான் என்பது அவருடைய அசைக்க முடியாத முடிவு. வளைகுடாவில் லாரி ஓட்டித் திரும்பிய உறவினர் ஒருவர் டவர் இல்லாமல் நேரடியாகப் பேசிக்கொள்ளும் இரண்டு சி.பி. ரேடியோ செட்டுகளைக் கொடுத்திருந்தார். ஒன்று வீட்டில், ஒன்று தோப்புக் கொட்டகையில். நடுவில் கம்பெனி எதுவும் இல்லாததால் மாமனாருக்கு அதன் மேல் அபார நம்பிக்கை. இதே மாதிரி செட் இருக்கிற யாரும் இதைக் கேட்கலாம் மாமா என்று ஒருமுறை விளக்கப் போனேன். அந்த யாரோ நான்தான் என்பது போல என்னைப் பார்த்தார்.

தோப்பு மைக்கின் சுருள் ஒயரை அணில் கடித்துக் குதறியபோதுதான் இந்த ரிப்பேர் வந்தது. புதிய மைக்கைத் தருவித்துக் கொடுப்பதாக என் கணவர் சொன்னார். புதுசென்றால் ஒட்டுக்கேட்க எதையாவது வைத்துத்தான் அனுப்புவார்கள் என்று மாமனார் மறுத்துவிட்டு, கல்யாண வீடுகளுக்கு மைக்செட் கட்டுபவரை வரவழைத்தார். ஆட்டோவில் விளம்பரம் செய்யும் பழைய மைக் ஒன்றை அவர் கொண்டுவந்தார். முதலில் பேச்சுக்கான இரண்டு ஒயர்களை மட்டும் சேர்த்தார். பேச்சும் போகவில்லை; அதுவரை இரைந்துகொண்டிருந்த செட்டும் ஊமையாகிவிட்டது. வேறொன்றை விற்கத்தான் இப்படிக் கெடுக்கிறார் என்று மாமனார் என் கணவர் காதைக் கடித்தார். இந்தச் செட்டில் கேட்கிற சத்தமும் மைக்கின் சுவிட்ச் வழியாகத்தான் வரும், மற்ற இரண்டு ஒயர்களையும் சேர்த்தால்தான் வாயும் காதும் திறக்கும் என்று மைக்செட்காரர் பொறுமையாகச் சொன்னார். அணில் கடித்த மைக்கில் பொத்தானை அமுக்கிப் பிடித்தால் பேசலாம், விட்டால் கேட்கலாம். இப்போது மாட்டியதில் தள்ளுகிற சுவிட்ச்தான் பொருந்தியது. மேலே தள்ளினால் பேச்சு, கீழே தள்ளினால் கேட்பது. உதட்டருகே வைத்தால்தான் முந்தையது குரலை எடுக்கும். இதுவோ நாலு முழம் தள்ளிக் கரையும் காக்கையைக்கூட விடவில்லை.

நான் எரியோடு ஊர்க்காரி. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளாகவே மாமனாரின் பார்வை என் மேல் கூர்மையாகத்தான் இருந்தது. நேரில் மரியாதையாகத்தான் பேசுவார். ஆனால் செட்டில் நான் பேசிய மறுநாள் முகம் இறுகியிருக்கும். நான் சொல்லாததை எல்லாம் சொன்னதாக என் கணவரிடம் குறைப்படுவார். நாங்கள் வேண்டுமென்றே தணிந்த குரலில் பேசுகிறோம் என்று வேறு சண்டை. இந்த மனுஷன் என்னை விரட்டத்தான் கதை கட்டுகிறார் என்று எனக்கும் மனசு கசந்துவிட்டது. அவர் வாயைத் திறந்தாலே அதில் என்ன வைத்திருக்கிறார் என்று பார்க்கிற புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது. கடைசியில், தை பிறந்ததும் தோப்பைப் பங்காளிக்குக் குத்தகைக்கு விடப்போவதாகவும், நாங்கள் இருவரும் திண்டுக்கல்லில் வேறு பிழைப்புப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார். மில் வேலையை விட்டுவிட்டு அந்தத் தோப்பையே நம்பி வந்தவர் என் கணவர். பங்காளி என்பவர் மாமனாருக்குத் தம்பி முறை. பகலெல்லாம் அவரோடு தோப்பில் இருப்பவர், பேச்சில் வெல்லம்.

மைக் மாற்றிய சில நாட்களில் அது நடந்தது. கணவர் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போயிருந்தார். மதியச் சாப்பாடு கட்டும் முன்பு செட்டில் கூப்பிட்டு, பருப்புக் குழம்பு வைத்திருக்கிறேன், தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அந்தப் பக்கம் சுவிட்ச் மேலே போகும் சத்தம் கேட்டது. “சரி, சரி” என்றார் மாமனார். அதற்குப் பிறகு சுவிட்ச் கீழே இறங்கவில்லை. காற்றில் மட்டைகள் உரசுவது கேட்டது. பிறகு மாமனாரின் குரல்.

“என்ன சொல்லுச்சு அந்தப் புள்ள?”

“தெனமும் சோத்தத் தூக்கிட்டு வர முடியாதுன்னு சொல்லுதுங்ணா. ஊட்டுக்கே வந்து திங்கோணுமாம்.” பங்காளியின் குரல்.

நான் கத்தினேன். அவர் பக்கம் பேச்சில் இருக்கும்வரை எங்கள் குரல் அங்கே போகாது என்று தெரிந்தும் வீட்டு மைக்கின் பொத்தானை அமுக்கிக் கத்தினேன். மாமியார் வந்து என் கையைப் பிடித்துப் பொத்தானை விடுவித்தார். செட்டிலிருந்து மாமனார் பேசிக்கொண்டே போனார்.

“என்ற காது போனது மட்டும் தெரிஞ்சுது, தோப்ப விட்டே எறக்கி மூலைல உக்கார வெச்சுருவாங்க. நீ பக்கத்துல இருக்கங்காட்டி தப்பிச்சேன்.”

மாமியார் செட்டின் சத்தத்தைக் கூட்டினார். அத்தனை வருஷம் கூடவே வாழ்ந்தவருக்கும் தெரியவில்லை. எதிரே நின்று பேசினால் எங்கள் உதட்டைப் பார்த்துச் சமாளித்திருக்கிறார். செட்டில் உதடு ஏது? எனக்கு ஆத்திரம் வந்த வேகத்திலேயே வடிந்து அழுகை வந்தது. எங்களை நம்பாமல் போய், நம்பக்கூடாத ஒருவரின் காதை இரவல் வாங்கியிருக்கிறாரே என்று அடித்துக்கொண்டது.

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போனேன். அவர் எதிரே நின்று, என் வாயைப் பார்க்கும்படி நிதானமாகச் சொன்னேன்.

“மாமா, பருப்புக் குழம்புக்கு வெஞ்சனம் என்ன வெக்கட்டும்னுதான் கேட்டேன். அம்புட்டுத்தான் கேட்டேன்.”

பங்காளி வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். மாமனார் மைக்கைப் பார்த்தார். சுவிட்ச் மேலேயே இருந்தது. மெல்லக் கீழே தள்ளிவிட்டு, யார் யார் கேட்டீர்கள் என்றார். நானும் அத்தையும் என்றேன். பங்காளியிடம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார். மைக்கை இப்படி மாட்டச் சொன்னது நீயா என்று அடுத்து என்னைக் கேட்டார். அதுதான் என் மாமனார்.

குத்தகைப் பேச்சு அதோடு நின்றது. தோப்பு வேலையை இப்போது என் கணவர் பார்க்கிறார், பெரியவர் கட்டிலில் இருந்தபடி அவரைப் பார்க்கிறார். டவர் வந்துவிட்டதால் செட்டுகளுக்கு வேலையில்லை. திண்டுக்கல் டாக்டர் எழுதிக் கொடுத்த காது மெஷினை வாங்கி, காதில் வைக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்.

ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் தீரவே இல்லை. அந்த வீட்டில் வாழ்ந்தால் இந்த நோய் எல்லோருக்கும் வரும். பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பவர், மோட்டாரை நிறுத்தினால் பாதி வழியிலிருந்து திரும்பிப் போய்த் தொட்டுப் பார்ப்பவர், அந்த ஒரு சுவிட்சை மட்டும் மறந்தாரா? பங்காளி மீதும் அவருக்குச் சந்தேகம் வந்து, எங்களுக்கும் கேட்கட்டும் என்று விட்டுவைத்தாரா? காதைப் பற்றிச் சொல்ல அவருக்கு வேறு வழி தெரியாமல் போயிற்றா? போன வாரம் சாப்பாடு எடுத்துப் போனபோது, பக்கத்தில் உட்கார்ந்து, முகத்துக்கு நேராக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். வேணும்னேதான் சுவிட்சை மேலே விட்டீங்களா மாமா?

என் உதட்டைக் கடைசிச் சொல் வரை பார்த்தார். சோற்றைப் பிசைந்தபடி, கொஞ்சமும் கூசாமல், அத்தனை வருஷம் எங்களிடம் மறைத்ததைத் தன் வாயாலேயே சொன்னார்.

“எனக்குத்தான் காது கேக்காதே கண்ணு.”