விசாலாட்சி அக்கா பூட்டி வைத்த பீக்கர்கள்

எங்கள் தீவில், டெலானிபூர் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் விசாலாட்சி அக்காவுக்குக் கண்ணாடிப் பாத்திரம் என்றால் உயிர். அதனாலேயே எதையும் வெளியே எடுக்க மாட்டார். மெட்ராஸ் கப்பலில் வரும் பெட்டியில் பாதி தூளாகத்தான் வரும். மீதியை அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். சாயம் கலக்க, ஸ்லைடு கழுவ எல்லாம் எவர்சில்வர் டம்ளர்தான். எங்கள் ஊரின் முதல் பி.எஸ்சி. நான், சேர்ந்த அன்றே பீக்கர் கேட்டேன்.

"டிகிரி வாங்கினா கை வழுக்காதா தம்பி?" என்றார்.

எழுபத்தெட்டில், துணிக்கடை சாகுல் ஹமீது பாயின் கழுத்துக் கட்டியிலிருந்து வெட்டிய துண்டு எங்களிடம் வந்தது. புற்றா இல்லையா என்று சொல்லத் தெரிந்த டாக்டர் பாலசுப்பிரமணியம் மறுநாள் காலைக் கப்பலில் மெட்ராஸ் திரும்புகிறார். துண்டு பதப்படவே ஒரு நாள் மருந்தில் ஊற வேண்டும். கப்பலை விட்டால் பதில் வர ஒரு மாதம். பாய் வராந்தாவில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்ட மைக்ரோவேவ் அடுப்பு இருக்காமே?" என்றார் டாக்டர். வெளிநாட்டுக் கப்பலிலிருந்து ஏலத்தில் வந்து, மூலையில் எங்கள் குடைகளைச் சுமந்துகொண்டிருந்த பெட்டி அது. உப்புநீரில் வைத்து அதில் சூடு காட்டினால் துண்டு சில நிமிடத்தில் பதப்படுமாம். கதவில் ஏதோ எச்சரிக்கை ஜப்பானிய மொழியில் இருந்தது. பட்டதாரியான நான் அதை உற்றுப் பார்த்துத் தலையாட்டினேன்.

டாக்டர் கை கழுவி வருவதற்குள், அக்கா வழக்கப்படி டம்ளரில் துண்டைப் போட்டு உள்ளே வைத்து விசையைத் திருகிவிட்டார். படபடவென்று நீலப் பொறி. அக்கா பாய்ந்து அடுப்பை அணைத்தார். நான் மேசைக்கடியில் இருந்தேன்.

"க்யா ஹுவா? என்ன ஆச்சு?" என்று ஓடி வந்தார் பாய்.

"தீபாவளி பாய். உட்காருங்க," என்றார் அக்கா.

"எவர்சில்வரை உள்ள வைக்கலாமாம்மா?" என்று டாக்டர் பதறினார். "நல்லவேளை, துண்டுக்கு ஒண்ணும் ஆகலை. பீக்கர் எடுங்க."

அக்காவின் கை இடுப்புக்குப் போய் நின்றது.

"ஜல்தி எடு தாயி! உடைஞ்சா ஒரு டஜன் வரவழைச்சுத் தரேன்."

"அதுல ஆறுதான் முழுசா வரும் பாய்." அவர் கழுத்திலிருந்த பேண்டேஜை ஒருமுறை பார்த்துவிட்டு, அக்கா அலமாரியைத் திறந்தார்.

பீக்கரில் சூடு காட்டி, மெழுகில் புதைத்து, சீவி, சாயமேற்ற மாலையானது. டாக்டர் நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார்.

"சாதாரணக் கட்டிதான் பாய். பயமில்லை."

பாய் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தானும் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தார்.

"அல்லாவே, ரோஸும் ஊதாவும்! இந்த டிசைன்ல சேலை வந்தா ஒரே நாள்ல வித்துரும் தாயி."

"இது சாயம் போகாது பாய்," என்றார் அக்கா. "உங்க கடைச் சேலை மாதிரியில்ல."