சன்னலோரம் வைத்த குழாய்கள்

ஆய்வகத்து ஃபிரிட்ஜின் கடைசித் தட்டில், கார்பன் தாள் சுற்றிய சிறு புட்டி ஒன்று இருக்கும். அதைத் தொட என் தோழியைத் தவிர யாருக்கும் உரிமையில்லை. தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் நாங்கள் இருவரும் ஒரே பேராசிரியரிடம் ஆய்வு மாணவிகள். அவள் ஈரோட்டுக்காரி, என்னைவிட மூன்று வயது இளையவள், துடியலூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். புட்டியில் இருந்தது சோராலென். வெண்புள்ளிக்குக் கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிற்கச் சொல்வார்களே, அந்த விதையில் இருக்கும் அதே சரக்கு.

அவள் ஆராய்ந்தது ஒரு செடி வைரஸின் ஆர்.என்.ஏ.வை. நூல் மாதிரி நீண்ட அது தன்மேலேயே மடிந்து கிடக்கும். எந்த இடம் எதோடு ஒட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. சோராலென் அந்த மடிப்புகளுக்குள் நுழைந்துகொள்ளும். புற ஊதா விளக்கைக் காட்டினால் இரண்டு பக்கத்தையும் கெட்டியாகப் பிணைத்துவிடும். சேலை மடிப்புக்கு ஊக்கு குத்துகிற கதைதான். பிறகு நூலைப் பிரித்தாலும் ஊக்கு குத்திய இடம் பிரியாது. அதை வைத்து மடிப்பைக் கண்டுபிடித்துவிடலாம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, விளக்கே காட்டாத குழாய்களையும் கூடவே வைப்பாள். அவற்றில் பிணைப்பு இருக்கவே கூடாது.

கடைசிச் சோதனையில் அவற்றிலும் இருந்தது. தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வால்பாறை எஸ்டேட்டில் வேலை. மலையேறிப் போன பிறகு ஆய்வேடு எழுதுவதெல்லாம் நடக்கிற காரியமில்லை; அதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். பேராசிரியரோ, “இருட்டுல வெச்சதுலயே பிணைப்பு இருந்தா, முன்னால செஞ்சதையெல்லாம் எப்படி நம்பறது?” என்று கேட்டுவிட்டார். மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான்காம் நாள் தன் மணிக்கட்டைக் காட்டினாள். கருஞ்சிவப்பாக ஒரு தழும்பு. “மருந்து ஒரு சொட்டு பட்டுச்சுங்க அக்கா, அப்பவே கழுவிப்போட்டேன். லேம்ப்கிட்டப் போகவே இல்லீங்க. பஸ்ஸுக்கு வெயில்ல நின்னது மட்டுந்தானுங்க.” அப்படியானால் வெயிலே போதும். அவள் சொல்லி முடிப்பதற்குள் என் பார்வை சன்னல் மேசைக்குப் போய்விட்டது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கரண்ட் போனால், யாருடைய வேலையாக இருந்தாலும் தூக்கி, வெளிச்சம் வரும் சன்னல் மேசையில் வைத்துவிடுவோம். கேட்பதெல்லாம் இல்லை, உதவி என்றே நினைப்பு. சோதனையன்று அவள் வீட்டுக்குப் பேச எஸ்.டி.டி. பூத்துக்குப் போயிருந்த நேரம் கரண்ட் போனது. குழாய்கள் இருந்த அவளுடைய ஐஸ் பெட்டியை வெயிலடிக்கும் சன்னலோரம் வைத்ததும் நான்தான். ஐஸ் உருகிவிட்டதா என்று மூடியைத் திறந்ததும் நான்தான். மூடவில்லை. கரண்ட் வந்ததும் பழையபடி கொண்டுபோய் வைத்துவிட்டு மறந்தும் போனேன்.

அழுதுகொண்டே அவளிடம் சொன்னேன். திட்டப்போகிறாள் என்று பார்த்தால், “அப்ப முன்னால செஞ்சது எதுலயும் தப்பில்லீங்க அக்கா!” என்று என் கையைப் பிடித்துக் குதிக்கிறாள். எனக்கு அவமானம் தாங்கவில்லை.

ராத்திரி முழுக்க மனதைத் தேற்றிக்கொண்டு, காலையில் பேராசிரியர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தார். “வாங்கம்மிணி. அந்தப் புள்ள நேத்தே சொல்லீட்டுத்தான் போச்சு. ‘சன்னல்கிட்ட வெச்சது நாந்தானுங்க சார். அக்கா வந்து பழியத் தன்மேல போட்டுக்குவாங்க, நம்பிப்போடாதீங்க’ன்னு.” நான் சத்தியம் செய்யாத குறை. அவர் நம்பவே இல்லை.

சன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, சோதனையை முதலிலிருந்து செய்தாள். விளக்குக் காட்டாத குழாய்களில் ஒன்றுமில்லை. காட்டியவற்றில், முன்பு கண்ட அதே இடங்களில் பிணைப்பு. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள்.

இப்போது பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர்களிடம், “சிநேகிதிக்காகப் பழியேத்துக்க வந்த புள்ள இது” என்று காட்டுவார். இல்லை சார், நிஜமாகவே நான்தான் என்பேன். வால்பாறையிலிருந்து வந்திருப்பவள் பக்கத்து இலையில் பாயசத்தை வழித்தபடி, “அக்கா எப்பவும் இப்படித்தானுங்க சார்” என்பாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல். உண்மையைச் சொல்லச் சொல்ல என் பெருந்தன்மை ஊரில் வளர்ந்துகொண்டேதான் போகிறது.