என் கன்வெர்ட்டரில் வந்த போன்

இன்று காலை திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறினேன். மடியில் ஆராய்ச்சிக்காக நான் செய்த கன்வெர்ட்டர். வீட்டில் வரும் ஏசி கரண்டை, பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்றும் பெட்டி.

"இன்னாம்மா அது?" என்றார் பக்கத்து சீட்டுப் பெரியவர்.

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அப்ப என் போனை இதுல சொருகி வுடும்மா, சார்ஜ் பூட்ச்சி. பொண்ணைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில சேர்த்துக்கிறாங்க."

"இல்லீங்க ஐயா, இதுக்கே கரண்ட் குடுத்தாதான் ஓடும்."

முன் சீட்டு அம்மா திரும்பினார். "கரண்டை மாத்தற மிஷின்ல கரண்ட் இல்லியா? படிச்ச புள்ள, ஒரு ஒத்தாசை பண்ணக் கூடாதா?"

பஸ்ஸே என்னை முறைத்தது.

வேறு வழியில்லாமல் அவருடைய சிம்மைக் கழற்றி என் போனில் போட்டு, போனைப் பெட்டியின் மேல் வைத்தேன். விக்கிரவாண்டி தாண்டியதும் அழைப்பு வந்தது. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். "இந்தப் பொண்ணு மிஷின்லதாங்க போன் வந்துச்சு!"

பஸ்ஸில் கைதட்டல்.

இந்தப் பெட்டி வேலை செய்கிறது என்று என் ஆராய்ச்சிக் கைடு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு பஸ் முழுக்க ஒப்புக்கொண்டுவிட்டது. ஆய்வேட்டில் இதை எந்த அத்தியாயத்தில் சேர்க்க, சொல்லுங்கள்.