தார்ப்பாய்க்கு அடியில் சமநிலை

அமைதி என்ற சொல்லைக் கேட்டாலே செவ்வந்திக்குப் பற்றிக்கொண்டு வரும். அமைதியானவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். மடைக்குப் போய் நிற்காதவர்கள், நாற்றுக்கட்டுத் தூக்காதவர்கள், பந்தி என்றால் மட்டும் முதல் ஆளாக இலை முன் உட்காருகிறவர்கள். அவர்களுக்கு அமைதி இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்? இந்த லட்சணத்தில் அவளுடைய வீட்டுக்காரர் வீரையனும் மூன்று வருஷத்துக்கு முன்பு அமைதியாகிவிட்டார்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் குடமுருட்டிக் கரையோரம் அவர்கள் ஊர். செவ்வந்தியின் அப்பாவும் அம்மாவும் அங்கே ஒரு பண்ணையில் மாடாக உழைத்துப் போய்ச் சேர்ந்தவர்கள். அதே பண்ணை நிலத்தில் இரண்டு ஏக்கரை இவளும் வீரையனும் இருபது வருஷம் குத்தகைக்கு ஓட்டி, கடைசியில் விலைக்கே வாங்கினார்கள். பட்டா செவ்வந்தி பெயரில் இருக்கிறது. ஐம்பத்து மூன்று வயதில் அவளுக்கு இருக்கும் ஒரே கர்வம் அதுதான் என்று சொல்ல ஆசை. ஆனால் கர்வத்துக்கு அவளிடம் பஞ்சமே கிடையாது. எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ஊரில் பட்டம் வாங்கியவர்களில் பாதிப் பேரை அவள் முட்டாள்கள் என்றுதான் நினைத்தாள். அதை மனதுக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கமும் இல்லை.

வீரையன் முன்பெல்லாம் அப்படி இல்லை. முறைத் தண்ணீர் அரை மணி நேரம் தாமதமானால் மண்வெட்டியோடு மேல்மடைக்காரன் வீட்டு வாசலில் போய் நிற்பார். ஒரு முறை அப்படிக் கத்திக்கொண்டிருந்தபோதே தலை சுற்றி வரப்பில் விழுந்தார். ரத்தக் கொதிப்பு என்றார் டாக்டர். கோபமே கூடாது என்று சொல்லி மாத்திரை எழுதினார். கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவர் எழுதித் தரவில்லை. அதை எழுதித் தர துரைராசு கிடைத்தார்.

துரைராசு ஓய்வுபெற்ற பொறியாளர். தாராசுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை ‘இயற்கை விதியும் மன அமைதியும்’ என்று வகுப்பு எடுத்தார். வெள்ளை ஜிப்பா, நெற்றி நிறையத் திருநீறு, கையில் சிவப்புப் புள்ளி விழும் ஒரு விளக்கு. திரையில் ஒரு பக்கம் அணுவின் படம், மறுபக்கம் நடராஜர் படம். அணுவும் ஆடுகிறது, ஐயனும் ஆடுகிறான், ஆகவே கவலைப்படாதீர்கள் என்பது சாரம். இரண்டுக்கும் நடுவே அந்த ‘ஆகவே’ எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. சாம்பார் சாதம் வருகிற நேரத்தில் யார் கேட்பார்கள்?

செவ்வந்தி ஒரே ஒரு தடவை போனாள். பாதி வகுப்பில் ஏசி நின்றுவிட்டது. மண்டபத்து மேனேஜரை துரைராசு கூப்பிட்டுத் திட்டிய திட்டில் அணுவும் இல்லை, ஐயனும் இல்லை. அதற்கு மேல் அவளுக்கு அங்கே வேலை இருக்கவில்லை. பஸ் ஏறி வந்துவிட்டாள்.

வீரையனோ சொக்கிப்போய்விட்டார். அவரை மயக்கியது ஒரு டம்ளர் காப்பி. வகுப்பில் துரைராசு கொதிக்கக் கொதிக்கக் காப்பியை மேசை மேல் வைப்பாராம். யாரும் அதைத் தொடக் கூடாதாம். வகுப்பு முடியும்போது அது ஆறியிருக்குமாம். “பாத்தீங்களா? ஊதினோமா? ஆத்தினோமா? தொடாம விட்டா எந்தச் சூடும் தானா அடங்கிச் சமநிலைக்கு வந்துடும். இதான் இயற்கை விதி. மனசும் அப்படித்தான்” என்பாராம். கைதட்டல் மண்டபத்தைப் பிளக்குமாம். காப்பி ஆறியதற்குக் கை தட்டிய ஜனத்தை நினைத்து நினைத்து ஒரு வாரம் சிரித்தாள் செவ்வந்தி.

சிரிப்பு அதோடு நின்றது. வீரையனுக்குச் சமநிலை வந்த நாளிலிருந்து அந்த வீட்டுச் சண்டை எல்லாம் அவள் தலையில் விழுந்தது. மேல்மடைக்காரன் தண்ணீரைத் திருப்பினால் வீரையன் புன்னகை செய்தார். பக்கத்து வயல்காரன் வரப்பை ஒரு சாண் உள்ளே தள்ளி வைத்தால் கண்ணை மூடிக்கொண்டார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கத்த வேண்டியவள் செவ்வந்தி. கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், “இப்படிக் கொதிக்கலாமா செவ்வந்தி?” என்று அந்த மனிதர் குழைவாகக் கேட்பார். அந்தக் குழைவைக் கேட்கும்போது அவளுக்கு எதையாவது போட்டு உடைக்கத் தோன்றும். அவள் பேசினால் திருப்பிப் பேச ஒரு ஆள் இல்லாமல் போனதுதான் உண்மையான வருத்தம். அதை மட்டும் அவள் ஒப்புக்கொண்டதில்லை.

அவளிடம் வேறொரு ரகசியமும் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு ஆறு வருஷம் ஒரு விதைப் பண்ணையில் கூலி வேலை பார்த்தாள். அங்கே மங்களாம்பிகை என்று ஓர் அதிகாரி இருந்தார். ஒரு நாள் ஈர நெல் குவியலுக்குள் தெர்மாமீட்டரைச் செருகிவிட்டு வேலைக்காரப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினார். “விதையைச் செத்த பொருள்னு நினைக்காதீங்க. அதுவும் நம்மள மாதிரி மூச்சு விடுது. ஈரம் இருந்தா மூச்சு கூடும். மூச்சு கூடினா சூடு வரும், உள்ளேயே இன்னும் ஈரம் கசியும். மூடி வெச்சா தன் சூட்டுலயே அது வெந்து போகும்.” மற்றப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். செவ்வந்தி சிரிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் போய்க் குவியலுக்குள் கையை விட்டு வைத்துக்கொண்டு நின்றாள். கோடி நெல் மூச்சு விடும் கதகதப்பு முழங்கை வரை ஏறியது. அன்றிலிருந்து கோயிலில் கண்ணை மூடினால் அவளுக்கு எந்த உருவமும் வருவதில்லை, அந்தக் கதகதப்புதான் வரும். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. பிறரைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு இந்தப் பயம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

அந்த வருஷக் குறுவை அறுவடை ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்டது. திங்கள்கிழமை எந்திரம் வைத்து அறுத்து, இரண்டு ஏக்கர் நெல்லையும் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். முன்னால் பதினோரு குவியல்கள் காத்துக் கிடந்தன. ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். இவர்கள் நெல்லில் இருபதுக்கு மேல் இருந்தது. செவ்வந்தி குவியல் உச்சியில் சாணிப் பிள்ளையார் பிடித்து வைத்து அருகம்புல் செருகினாள். சாயங்காலம் தூறல் பிடித்தது. தார்ப்பாயை இழுத்து மூடி, ஓரமெல்லாம் கல் வைத்துவிட்டு, காவலுக்கு வீரையன் அங்கேயே தங்கினார்.

செவ்வாய்க்கிழமை மதியம் மழை விட்டு இரண்டு மணி நேரம் வெயில் வந்தது. களத்தில் எல்லோரும் தார்ப்பாய்களை உருவ ஓடினார்கள். சோறு கொண்டுவந்த செவ்வந்தி பார்த்தபோது ஒரே ஒரு குவியல் மூடிக் கிடந்தது. பக்கத்தில் வீரையன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவள் தார்ப்பாய் ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விட்டாள். சூடு தெரிந்தது. லேசாகப் புளித்த வாடையும் வந்தது.

“ஏங்க, உள்ள சூடு ஏறுது. பிரிச்சு விடுங்க.”

“வானத்தைப் பாரு, எந்த நேரமும் கொட்டும். பிரிச்சா நனைஞ்சுடும்” என்றார் வீரையன், கண்ணைத் திறக்காமலே. “சூடுதானே? தொடாம விட்டா தானா அடங்கிடும்.”

காப்பி. நெல்லுக்கும் காப்பி. செவ்வந்திக்கு உச்சந்தலை வரை ஏறியது. சொல்லியிருக்கலாம், காப்பி செத்த பொருள், ஊற்றிய சூட்டைத் தவிர அதற்குச் சொந்தச் சூடு கிடையாது, நெல் அப்படி இல்லை என்று. சொல்லக்கூட வேண்டாம், அவளே பாயை இழுத்துப் போட்டிருக்கலாம். கை இரண்டும் சும்மாதான் இருந்தன. ஆனால் அந்த மூடிய கண்ணையும் அந்தப் புன்னகையையும் பார்த்தபோது அவளுக்குள் வேறு ஒன்று தோன்றியது. அது நல்ல எண்ணம் இல்லை.

“சரிங்க, அடங்கட்டும்” என்றாள். தூக்குவாளியை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

புதன்கிழமை முழுக்க மழை. சோற்றைப் பக்கத்து வீட்டு ஆளிடம் கொடுத்தனுப்பினாள். மூடிய குவியலுக்குள் என்ன நடக்கிறது என்று இந்த ஊரிலேயே அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. ஈரம், மூச்சு, சூடு, மறுபடி ஈரம். தெரிந்துகொண்டே பாத்திரம் துலக்கினாள். பாய் திறந்ததும் வீரையன் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். துரைராசு, காப்பி டம்ளர், கைதட்டல் எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் மண்ணாகப் போவதை நினைத்தபோது அவளுக்கு இனித்தது. நான்கு மாதம் தன் இடுப்பு ஒடிந்த நெல் அது என்ற ஞாபகம் நடுநடுவே வந்தது. வந்த போதெல்லாம் அதை ஒதுக்கித் தள்ளினாள்.

வியாழக்கிழமை காலை அவள் களத்துக்குப் போனபோது வானம் கறுத்துக் கிடந்தது. யாரும் எந்தப் பாயையும் தொடவில்லை. செவ்வந்தி நேராகப் போய்க் கற்களைப் புரட்டித் தள்ளிப் பாயை உருவினாள். குப்பென்று ஆவி எழுந்தது. சாணிப் பிள்ளையாருக்கே வேர்த்திருந்தது. மேல் நெல்லைக் கையால் ஒதுக்கினாள். உள்ளே கை வைக்க முடியவில்லை. சுற்றிலும் வெள்ளை வெள்ளையாய் முளை விட்டு, ஒன்றோடொன்று வேர் பின்னிக் கட்டியாய் வந்தது நெல்.

“யக்கா, என்ன காரியம் பண்றீங்க? மழை வரப்போவுது, மூடுங்க!” என்று பக்கத்துக் குவியல்காரர் ஜெகபர் அலி கத்தினார்.

“மூடினதுலதான் தம்பி போச்சு. உங்களுதையும் பிரிச்சுக் கையை விட்டுப் பாருங்க. நெல்லு மூச்சு விட்டாவணும். மேல நனைஞ்சா காஞ்சுக்கும், உள்ள வெந்தா ஒண்ணும் பண்ண முடியாது.”

ஜெகபர் அலி தன் குவியலுக்குள் கையை விட்டார். மறு நிமிஷம் அவரும் பாயை உருவினார். வரிசையாக ஏழெட்டுப் பேர் உருவினார்கள். செவ்வந்தி ஒரு வார்த்தை சொன்னதும் களமே கேட்டது. முந்தாநாள் அவள் அந்த ஒரு வார்த்தையை அழுத்திச் சொல்லியிருந்தால் இரண்டு ஏக்கர் நெல்லும் தப்பியிருக்கும்.

வீரையன் முளை விட்ட கட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்கத்தான் அவள் இரண்டு நாளாகக் காத்திருந்தாள். பார்த்தாள். புன்னகை போயிருந்தது. அந்த இடத்தில் ஒரு கிழட்டு மனிதனின் பயந்த முகம் இருந்தது. செவ்வந்திக்கு இனிக்கவில்லை.

இருவரும் குவியலைச் சரித்துப் பரப்பினார்கள். அடி நெல் பாதிக்கு மேல் வீண். ஓரத்து நெல்லும் மேல் நெல்லும் தப்பித்திருந்தன. அதை மட்டும் தனியே பிரித்து, செவ்வந்தி காலால் கிளறிக்கொண்டே நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் பாதத்தில் சூடு தெரிந்தது. இந்த நெல் வீரையனுக்குப் பாடம் கற்பிக்க முளைக்கவில்லை. செவ்வந்தி சொன்னது சரி என்று காட்டவும் முளைக்கவில்லை. ஈரம் கிடைத்தது, முளைத்தது. யார் ஞானி, யார் முட்டாள் என்று அது பார்க்கவில்லை. முப்பது வருஷமாகத் தனக்கு மட்டும் தெரியும் என்று பொத்தி வைத்திருந்த அந்த விதி, தன்னையும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரையெல்லாம் ஏளனம் செய்த வாய் அவளுடையது. துரைராசு காப்பியைத்தான் ஆறவிட்டார். இவள் நெல்லை வேகவிட்டாள்.

“நீ ஏன் என்னைத் திட்டல?” என்று கேட்டார் வீரையன். “வந்ததுலேருந்து ஒரு வார்த்தை சொல்லல நீ.”

உண்மையைச் சொல்லாமல் விட்டுவிட்டால், அவர் காலம் முழுக்கக் குற்றவாளியாகவே இருப்பார். அவள் பெரிய மனசுக்காரி ஆகிவிடுவாள். செவ்வந்தி நடையை நிறுத்தினாள்.

“நீங்க தெரியாம செஞ்சீங்க. எனக்குச் செவ்வாக்கிழமையே தெரியும். இப்படித்தான் ஆவும்னு தெரிஞ்சேதான் விட்டுட்டுப் போனேன். உங்க மூஞ்சியைப் பாக்கணும்னு.”

வீரையன் அவளையே பார்த்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு எழும்பியது.

“தெரிஞ்சே விட்டியா? நம்ம நெல்லுடி! தெரிஞ்சே எப்படிடீ விட்டே?” என்று களமே அதிரக் கத்தினார். கையிலிருந்த கட்டியைத் தரையில் அடித்தார். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்று வருஷத்தில் அவர் அவளிடம் போட்ட முதல் சத்தம் அது. அத்தனை பேர் முன்னிலையிலும் செவ்வந்தி தலை குனிந்து நின்று கடைசிச் சொல் வரை வாங்கிக்கொண்டாள். நெஞ்சுக்குள் எதுவும் கொதிக்கவில்லை. இதற்குப் பெயர்தான் அமைதி என்றால், அதை வாங்க இரண்டு ஏக்கர் நெல்லில் பாதியைக் கொடுத்திருக்கிறோமே என்று நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.